பதினான்கு தொட்டிகளும் ஒரு சிவப்பு அட்டையும்

வெள்ளைக் கிரீம் பூசிய கேக்கின் மேல் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. ஓய்வுபெறும் தலைமையாசிரியை ஒருவருக்காக என் கணவர் விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டே செய்த மூன்றடுக்குக் கேக் அது. வாங்கிப்போக வந்த அம்மாள் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக் குனிந்தார். "இது சாக்லேட்டா?" என்று கேட்டார். என் கணவரும் குனிந்தார். அதற்குள் சாக்லேட் நடக்க ஆரம்பித்துவிட்டது.

அந்த அம்மாள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பரவாயில்லப்பா, நாங்க வேற எடத்துல பாத்துக்கறோம்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். என் கணவர் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார். எதிரே அவருடைய தங்கை, கையில் பூவாளியோடு நின்றிருந்தாள். பாவம், நேரம் அப்படி.

"எல்லாம் உன் செடியால வந்தது! ஒண்ணு அந்தச் செடி இருக்கணும், இல்ல என் அடுப்பு இருக்கணும். ரெண்டும் ஒரே வீட்டுல முடியாது!"

அவள் எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது ஒன்பது மாதமாகியிருந்தது. இவர் அவளிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவள் பூவாளியை ஜன்னலோரம் வைத்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். சாயங்காலம் திரும்பி வந்து, நான் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள்.

"அண்ணி, வேலைக்குப் போற பொண்ணுங்க தங்கற விடுதி ஒண்ணுல இடம் கேட்டுட்டு வந்தேன். ரூம் இருக்காம். செடியும் வெச்சிக்கலாமாம். ஆனா பூச்சி இருக்கக் கூடாதாம். பூச்சியோட போனா வாசல்லயே நிறுத்திடுவாங்க."

"அப்புறம்?"

"பூச்சி போகட்டும். பூச்சி போன அன்னிக்கு நானும் போயிடறேன்."

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நகர நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டித் தைத்துச் சரிசெய்கிற வேலை அவளுக்கு. கணவனோடு வாழ முடியாமல், ஒரு பெட்டியும் பதினான்கு பூந்தொட்டிகளுமாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்த மாப்பிள்ளையைப் பார்த்து வைத்தவர் வேறு யாருமில்லை, என் கணவர்தான். அவருடைய பள்ளிக்கூடத்து நண்பன். அதனால் அவள் வந்த நாளிலிருந்து இவருக்கு வாய் கட்டிப்போய்விட்டது. சாப்பிட்டியா, கதவைச் சாத்து, மழை வருது. அண்ணன் தங்கைக்குள் பேச்சு அவ்வளவுதான்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு வருடமாக அந்த வேலை. கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னிடம் கேட்டதெல்லாம் "இன்னிக்கு லேட்டா?" என்கிற ஒரே கேள்விதான். லிஃப்ட் ஏன் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிற்கிறது, உள்ளே இருப்பவர் கதவைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும், கம்பி வடம் அறுந்தால் நிஜமாகவே கீழே விழுமா என்றெல்லாம் இந்த வீட்டில் என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு நான் சொல்லச் சொல்ல, அவள் வாயைப் பிளந்து கேட்பாள். அந்த அரை மணி நேரத்துக்காகவே நான் வீட்டுக்கு வேகமாக வர ஆரம்பித்திருந்தேன். அவள் போய்விட்டால் அந்த அரை மணி நேரமும் போய்விடும். ஆனால் "போகாதே" என்று சொல்ல எனக்கு வராது. இரும்போடு பழகியவளுக்கு இந்த மாதிரி வார்த்தைகள் வாயில் வருவதில்லை. எனக்கு வருவதெல்லாம் கோளாறு எங்கே என்று தேடுவது.

பூச்சி போய்விட்டால் அவள் போவதற்கு என்ன காரணம் இருக்கிறது? என் யோசனை அப்படி ஓடியது. அவளுடையது வேறு மாதிரி ஓடியது. பூச்சியைத் துரத்த வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒன்றாக இருந்தோம்.

கீழ்வீட்டுக்காரர் ஒரு மருந்து சொன்னார். அடித்தால் ஒரே நாளில் சுத்தமாகிவிடுமாம். கேக் வேகிற வீட்டில் மருந்தடித்தால் அப்புறம் அந்தக் கேக்கை யார் தின்பது? ஆகவே மருந்து கிடையாது என்று முதலிலேயே முடிவாகிவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. கோளாறான லிஃப்டைச் சரிசெய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, கெட்டாலும் எதனால் கெட்டது என்று தெரியாது. இந்த ஈ விவகாரத்தையும் அப்படித்தான் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து ஒன்றைப் பிடித்தோம். நாத்தனார் புத்தகத் தையலுக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தாள். கொசு மாதிரி மெலிந்த கால்கள், ஆனால் கடிக்கத் தெரியாத பிராணி. இறக்கையில் கவட்டை மாதிரி பிரிந்து போகிற ஒரு நரம்பு. பறக்கவும் அதற்கு அவ்வளவாக வரவில்லை. தத்தித் தத்திப் போய் உட்கார்ந்துவிடும். மண்மேல் ஓடச் சொன்னால் மட்டும் ஓட்டப்பந்தயக்காரன்.

"அண்ணி, இது அழகா இருக்கு" என்றாள் நாத்தனார்.

"அழகா இருந்தா உங்க அண்ணன் கேக்குமேல வெச்சிடலாம்" என்றேன். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

மறுநாள் நூலகத்திலிருந்து ஒரு பழைய தோட்டக்கலைப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அவளிடம் ஒட்டுவதற்கு வந்த புத்தகம் அது. இந்த ஈக்களைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க இருந்தது. மேலே திரிகிறவை ஒரு வாரம்தான் வாழுமாம், உண்மையான கூட்டம் மண்ணுக்குள் இருக்கிறதாம், முட்டையிலிருந்து ஈயாக மூன்று நான்கு வாரம் ஆகுமாம். கடைசி வரி இப்படி இருந்தது: 'உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி ஈர மண்ணின் மேல் வைத்து ஒரு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால்'. அதற்குக் கீழே பக்கம் கிழிந்திருந்தது. எடுத்துப் பார்த்தால் என்ன? இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு நான் எழுந்து போய் உருளைக்கிழங்கு நறுக்கினேன்.

மறுநாள் சாயங்காலம் முதல் துண்டைத் திருப்பியபோது நாத்தனார் "ஐயோ" என்று ஒரு அடி பின்னால் போனாள். பிறகு இரண்டு அடி முன்னால் வந்தாள். துண்டின் அடியில் வெள்ளை நூல் துணுக்குகள் நெளிந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் கடுகைவிடச் சின்னதாகப் பளபளவென்று ஒரு கறுப்புத் தலை. எண்ணினோம். ஒரு துண்டில் முப்பத்திரண்டு. கேக்கின் மேல் நடந்தவன் வெறும் தூதுவன்தான், படை முழுக்க மண்ணுக்குள் இருந்தது.

துண்டுகளை எடுத்துக் குப்பையில் போட்டுப் புதுத் துண்டு வைத்தோம். பறக்கிறவற்றுக்கு மஞ்சள் பிடிக்கும் என்று புத்தகத்தில் இருந்தது. என் கணவர் கேக் வைத்துக் கொடுக்கிற அட்டைப்பெட்டி மஞ்சள். அதை வெட்டி, நாத்தனார் புத்தகம் ஒட்டுகிற பசையைத் தடவித் தொட்டிகளில் குத்தி வைத்தாள். ஒரு மணி நேரத்தில் பசை காய்ந்து கண்ணாடி போலாகி, ஈக்கள் அதன்மேல் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தன. பிறகு வாஸ்லைன் தடவினோம். அதில் சிக்கின.

தினமும் சாயங்காலம் அட்டைகளில் எண்ணி, லிஃப்ட் பராமரிப்புப் படிவத்தின் பின்பக்கத்தில் குறித்து வைத்தேன். முதல் நாள் அறுபத்து மூன்று. இரண்டாம் நாள் ஐம்பத்தெட்டு. ஆள் வராத கடையில் ஈ ஓட்டுவார்கள் என்பார்கள். எங்கள் வீட்டில் ஈ எண்ணினோம்.

அடுத்தது தண்ணீர். மேல்மண் இரண்டு விரற்கணு ஆழத்துக்குக் காய்ந்தால் குஞ்சுகள் பிழைக்காது. "பத்து நாள் ஒரு சொட்டு ஊத்தாதே. செடி சாகாது. வாடினா நான் பாத்துக்கறேன்" என்று நாத்தனாரிடம் சொன்னேன். அவள் பூவாளியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். இவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? கத்தியவருக்குச் சேதி எதற்கு? நாங்கள் ஜெயித்த பிறகு சுத்தமான அட்டையைக் கொண்டுபோய் அவர் மூக்குக்கு நேரே நீட்டுவதாக எனக்கு ஒரு திட்டம் இருந்தது.

எண்ணிக்கை இறங்கியது. ஐம்பது, நாற்பத்து நான்கு, நாற்பத்தொன்று. பிறகு நின்றுவிட்டது. முப்பத்தொன்பது, நாற்பது, முப்பத்தெட்டு, நாற்பது. எட்டாம் நாளும் விரலை விட்டால் மண் ஈரமாகவே இருந்தது. கோடைக்காலம், ஜன்னலில் வெயில், எட்டு நாளாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. மண் ஏன் காயவில்லை? எனக்கு வேலையில்கூட அதே நினைப்பாக இருந்தது.

அப்போதுதான் தராசு ஞாபகம் வந்தது. என் கணவர் மாவு நிறுக்கிற தராசு, ஒரு கிராம்கூடப் பிசகாது. அவர் கேக் கொடுக்கப் போயிருந்த சாயங்காலத்தில் மணி பிளான்ட் தொட்டி ஒன்றை அதில் தூக்கி வைத்தேன். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து கிராம். மறுநாள் காலை ஏழு மணிக்கு, அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, மறுபடி வைத்தேன். இரண்டாயிரத்து நானூற்று ஐந்து.

மண் தானாகக் கனக்காது. ராத்திரிக்கும் காலைக்கும் நடுவில் தொண்ணூற்றைந்து கிராம் எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்கிறது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வேலைக்குப் போவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று நேராக நாத்தனாரின் அறைக்குப் போனேன்.

"ஏம்மா, மனசு கேக்கலயா? ராத்திரி எழுந்து தண்ணி ஊத்தறியா?"

அவள் தலை வாரிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "நானா? இல்லியே அண்ணி."

"பின்ன தொட்டி எப்படிக் கனக்குது? இந்த வீட்டுல செடிமேல உசுர வெச்சிருக்கற ஆளு வேற யாரு?"

"நீங்க சொன்னீங்க, நான் நிறுத்திட்டேன்." சீப்பை மேசைமேல் வைத்தாள். "நீங்ககூட என்னை நம்பலையா?"

அந்த 'கூட' என்னைச் சுட்டது. ஆனாலும் தராசு பொய் சொல்லாது என்று எனக்குள் ஒரு வீம்பு. அப்படியே வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டேன். அன்று சாயங்காலம் அவள் என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. வெந்நீர் ஆறிப்போகும்வரை தனியாக உட்கார்ந்திருந்தேன். அட்டையில் நாற்பத்திரண்டு. அவள் அறையில் பெட்டியைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

லிஃப்டில் ஒரு பாகத்தின்மேல் சந்தேகம் வந்தால் அதைக் கழற்றி எடுத்துவந்து தனியாக ஓட்டிப் பார்ப்போம். மற்றதோடு சேர்ந்திருக்கும்போது எது யாரைக் கெடுக்கிறது என்று தெரியாது. மறுநாள் காலை அந்த மணி பிளான்ட் தொட்டியை ஈ தப்பாதபடி ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வேலைக்குக் கொண்டுபோனேன். பக்கத்து இருக்கைக்காரி என்னைப் பார்த்த பார்வையை நான் கண்டுகொள்ளவில்லை.

அன்று ஒரு பதினொரு மாடிக் கட்டிடத்தில் வேலை. மொட்டை மாடியில் மெஷின் ரூம். அங்கே கிரீஸ், சூடான தூசி, பழைய ரப்பர் மணம்தான் இருக்கும். என்னோடு ஜோடியாக வேலை செய்பவருக்கு 'ஒன்பதாம் மாடி' என்று பேர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவரே சரிசெய்த லிஃப்டில் அந்த மாடியில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டவர். நான் ஜன்னலோரம் தொட்டியை வைத்துப் பையைப் பிரித்தேன். ஒன்பதாம் மாடி கதவுப் பக்கம் நின்றவர் மூக்கை உறிஞ்சினார்.

"கேக் கொண்டாந்தியா? வீட்டுக்காரர் குடுத்தாரா?"

"கேக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. செடி."

"பொய் சொல்லாத. வனிலா வாசம் தூக்குது."

நான் குனிந்து மண்ணை மோந்தேன். ஆமாம், வனிலா. அதோடு கொஞ்சம் புளித்த பால். ஒரு குச்சியால் மேல்மண்ணைக் கிளறினேன். அடியில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. எங்கள் வீடு முழுக்க எந்நேரமும் வனிலா வாசம்தான். திரைச்சீலையில், தலையணையில், என் சீருடையில்கூட உண்டு. அதனால் அங்கே எங்கள் யார் மூக்குக்கும் இது தெரியவில்லை. வீட்டைவிட்டுத் தனியாக எடுத்து வந்ததால் தெரிந்தது.

"என்ன ஆச்சு? பேயடிச்ச மாதிரி நிக்கற?" என்றார் ஒன்பதாம் மாடி.

"பேய் இல்ல. எங்க வீட்டுக்காரர்" என்றேன்.

சொல்லிக்கொண்டே மெயின் சுவிட்சை அணைக்கப் போனேன். வழக்கப்படி என் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்துச் சுவிட்சில் மாட்டினேன். 'ஆள் வேலை செய்கிறார், தொடாதீர்' என்று எழுதியிருக்கும். எங்கள் தொழிலில் யாரும் இதை மாட்டாமல் கைவைக்கக் கூடாது. மாட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் இடதுகைச் சுண்டுவிரலே சாட்சி. அதன் நுனி இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால், நான் வேலை செய்வது தெரியாமல் ஒருவன் நல்ல எண்ணத்தோடுதான் சுவிட்சைப் போட்டான். அன்றிலிருந்து அட்டை மாட்டாதவர்களை நான் திட்டுகிற திட்டு அலுவலகம் முழுக்கப் பிரசித்தம்.

அப்படிப்பட்ட நான், பதினான்கு தொட்டிகளில் தண்ணீரை நிறுத்திவிட்டு, அதே வீட்டில் இருக்கிற மூன்றாவது ஆளிடம் வாயைத் திறக்கவில்லை. அட்டையை மாட்டவில்லை. என் வீம்புக்காக. சுவிட்சில் தொங்கிய அட்டையைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது நாத்தனார் இன்னும் வரவில்லை. இவர் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, செடிக்கு என்ன ஊத்தறீங்க?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மற்ற இடமெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன... தண்ணிதான்."

"என்ன தண்ணி?"

"கிரீம் அடிச்ச பாத்திரம் அலசற தண்ணி. பாலு, சக்கரை எல்லாம் இருக்கு. சத்துதானே? வீணா எதுக்கு சாக்கடைக்குப் போகணும்? காலைல அஞ்சு மணிக்கு மொத தடவ பாத்திரம் கழுவறப்போ தொட்டிக்கு அரை டம்ளர் கணக்கா ஊத்துவேன்."

"எத்தன நாளா?"

"அவ வந்த மறுநாள்ல இருந்து."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவளுடைய பழைய வீட்டில் இதே செடிகள் ஆறு வருடம் இருந்தன. ஒரு ஈ வந்ததில்லை என்று அவள் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். அதை நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை.

"சக்கரைத் தண்ணி ஊத்தினா பூஞ்சை பிடிக்கும். பூஞ்சைதான் அந்தக் குட்டிங்களுக்குச் சாப்பாடு. கேக்குல விழுந்த ஈயை வளத்தது நீங்க. கத்துனது அவகிட்ட."

கையிலிருந்த பாத்திரத்தை அவர் தண்ணீர்த் தொட்டியில் மெல்ல வைத்தார். குழாயை மூடினார்.

"ஏன் ஊத்துனீங்க? செடின்னா உங்களுக்கு ஆகாதே."

"பின்ன நான் என்ன செய்யறது?" என்றார். "வந்தா, பெட்டிய வெச்சா, செடிய எல்லாம் வரிசையா அடுக்குனா. என்ன நடந்துச்சுன்னு கேக்கலாம்னா, அவன நான்தானே பாத்து வெச்சேன். எந்த வாயால கேக்கறது? கேக்காம இருக்கவும் முடியல. அதான் காலைல எழுந்ததும்... அவ செடிக்காவது ஏதாவது செஞ்ச மாதிரி இருந்துச்சு. அன்னிக்குக் கத்துனதுக்கு அப்புறம் பாத்தா, அவ தண்ணியே ஊத்தறதில்ல. கோவத்துல செடிய சாகவிடறான்னு நெனச்சேன். அதான் கொஞ்சம் அதிகமா ஊத்துனேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த மனுஷரோடு பதினைந்து வருடம் வாழ்ந்திருக்கிறேன். என் சாப்பாட்டு டப்பாவில் தினமும் கேக்கின் ஓரத்துண்டு ஒன்று வைத்திருப்பார். அது என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

"இத அவகிட்ட சொல்லுங்க."

"நீயே சொல்லிடேன்."

"முடியாது. நான் சொல்ல வேண்டியது எனக்குத் தனியா இருக்கு."

நாத்தனார் வந்ததும் நான்தான் முதலில் போனேன். "தப்பு என்மேல. உன்னைச் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிடு" என்றேன். பதினெட்டு வருடத்தில் யாரிடமும் சொல்லாத வார்த்தை, சொல்லிப் பார்த்தால் அவ்வளவு கஷ்டமாக இல்லை. பின்னாலேயே இவர் வந்து வாசற்படியில் நின்றார். "தண்ணி நான்தான் ஊத்துனேன். பாத்திரம் அலசின தண்ணி. ஈ வந்தது என்னாலதான்" என்றார். அதற்குமேல் வரவில்லை. "அடுப்புல ஏதோ இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நாத்தனார் தொட்டிகளைப் பார்த்தாள். "எனக்காகவா ஊத்துனார்?" என்று மட்டும் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

அன்றே சிவப்பு அட்டை ஒன்றை நூல் கட்டி நடுத்தொட்டியில் மாட்டினேன். இந்தத் தடவை மூன்று பேருக்கும் தெரிந்து வேலை நடந்தது. பூஞ்சை பிடித்த மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தோம். பத்து நாள் காயப்போட்டோம். ஓரிரண்டு இலை பழுத்து விழுந்தது, செடி ஒன்றும் சாகவில்லை. பிறகு மண்மேல் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கழுவிய மணலைப் பரப்பினோம். தண்ணீரை மேலே ஊற்றாமல், அகலத் தட்டில் விட்டுத் தொட்டியை அதில் வைத்தோம். வேர் கீழேயிருந்து குடித்துக்கொண்டது, மேலே மணல் காய்ந்தே இருந்தது. மெஷின் ரூமுக்குப் போன தொட்டியும் திரும்பி வந்தது.

இருபத்தொன்பது. பதினேழு. ஒன்பது. ஒன்பது. நான்கு. உருளைக்கிழங்கைத் திருப்பினால் வெறும் உருளைக்கிழங்கு. நாத்தனார் மறுபடி சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆனால் எண்ணிக்கை இறங்க இறங்க அவள் அறையிலிருந்த சாமான்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன.

"இனிமே ஏன் போகணும்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சொல்லிட்டேனே அண்ணி. விடுதியிலயும் சொல்லிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "இங்க ஈதான் பிரச்சினைன்னா இருந்திருப்பேன். அண்ணா என் மூஞ்சியப் பாக்கவே கஷ்டப்படறார். பாக்கறப்போ எல்லாம் அவர் செஞ்ச தப்பு ஞாபகம் வருது போல. நான் எதிர்லயே நின்னா அவர் எப்பதான் நிம்மதியா இருப்பார்?" என்றாள்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் சமையலறையில் மாவு சலித்துக்கொண்டிருந்தார்.

நான்காவது வாரக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். பூஜ்யம். முந்தின நாளும் பூஜ்யம், அதற்கு முந்தின நாளும் பூஜ்யம். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். ஒன்றாவது இருக்கக் கூடாதா என்று தேடினேன் என்பதுதான் நிஜம். சுத்தமான மஞ்சள். மூக்குக்கு நேரே நீட்டலாம் என்று வைத்திருந்த அட்டையை யாரிடமும் காட்டப் பிடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நாத்தனார் பார்த்துவிட்டாள். "போயிடுச்சா?" என்றாள். பெட்டியை எடுத்துவந்து கூடத்தில் வைத்தாள். நான்கு தொட்டிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி, இடையில் பழைய செய்தித்தாளைத் திணித்தாள். ஐந்தாவதைத் தூக்கப் போனபோது சமையலறைக் கதவு திறந்தது.

இவர் வந்தார். இரண்டு கையிலும் கிரீம் அடிக்கிற பெரிய பாத்திரம், உள்ளே வெள்ளைத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. யாரையும் பார்க்காமல் நேராக ஜன்னலுக்குப் போனார். சிவப்பு அட்டையை ஒரு விரலால் ஒதுக்கினார். பாத்திரத்தைச் சாய்த்தார். மணல்மேல் சர்க்கரைத் தண்ணீர் சடசடவென்று விழுந்தது.

"என்னங்க பண்றீங்க!" என்று கத்தினேன். நான்கு வார உழைப்பு.

அடுத்த தொட்டிக்குப் போனார். அதிலும் ஊற்றினார். அவசரத்தில் பாதி தரையில் போனது.

"அண்ணா!" என்றாள் நாத்தனார். "மறுபடியும் ஈ வரும்!"

"வரட்டும்."

"கேக்குல விழும்!"

"விழட்டும்." பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, பத்து மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். "ஈ போனாதானே நீ போவே?"

தரையில் சிந்திய தண்ணீர் நாத்தனாரின் கால்வரை ஓடி வந்தது. அவள் நகரவில்லை.

"அவன் உன்னை என்ன செஞ்சான்?" என்று கேட்டார் இவர். "நான் கேட்டிருக்கணும். வந்த அன்னிக்கே கேட்டிருக்கணும். இப்ப கேக்கறேன். சொல்லு."

நாத்தனார் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் முன்னால் வந்து அவர் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கித் தரையில் வைத்தாள். "உக்காருங்க, சொல்றேன்" என்றாள். "நெறைய இருக்கு. நேரமாகும்."

"அடுப்புல ஒண்ணும் இல்ல" என்றார் இவர். உட்கார்ந்தார்.

உட்காருவதற்கு முன்னால் அவள் ஒரு காரியம் செய்தாள். தொட்டியிலிருந்த சிவப்பு அட்டையை அவிழ்த்தாள். கூடத்தில் நின்றிருந்த தன் பெட்டியின் கைப்பிடியில் அதைக் கட்டினாள், இரண்டு முடிச்சுப் போட்டு.

நான் துடைக்கிற துணி எடுத்துவந்து தரையைத் துடைத்தேன். பிறகு நனைந்த இரண்டு தொட்டிகளிலிருந்தும் இனிப்பு மணலை அள்ளி எடுத்தேன். உருளைக்கிழங்கு ஒன்று நறுக்கி வைத்தேன். அது நடந்து மாதக்கணக்காகிறது. பெட்டி இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. பெருக்கும்போது நகர்த்துவேன், அட்டையை மட்டும் நான் தொடுவதில்லை.